சர்க்கரையைக் கட்டிப்போட சைக்கிளைத் தூசி தட்டுங்க!

"பொம்பளைங்க சைக்கிள் ஓட்டுறதா? நல்ல கூத்து!" என்று கேலி பேசியவர்கள் வாயடைத்துப் போன ஊர் ஒன்று உண்டு. அது புதுக்கோட்டை மாவட்டம்.

1991-ல் அங்கே அறிவொளி இயக்கம் ஆரம்பமானது. எழுதப் படிக்கச் சொல்லிக் கொடுப்பதோடு, பெண்களுக்குச் சைக்கிளும் கற்றுக் கொடுத்தார்கள். அப்போது கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத் இதற்குப் பெரிய ஊக்கம் கொடுத்தார். பெண்கள் சைக்கிள் வாங்க பாங்க் கடனுக்கும் ஏற்பாடு செய்தார்.

அவ்வளவுதான்! கல் குவாரியில் வேலை செய்த பெண்கள், வயல் வேலைக்குப் போகிறவர்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள், நர்ஸுகள், டீச்சர்கள் என்று ஆயிரக்கணக்கில் கிளம்பிவிட்டார்கள். 1992 மகளிர் தினத்தன்று 1,500-க்கும் மேற்பட்ட பெண்கள் ஹேண்டில் பாரில் கொடி கட்டி, மணியடித்துக்கொண்டு புதுக்கோட்டை வீதிகளில் ஊர்வலம் வந்தார்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்கவில்லையா? பரவாயில்லை என்று ஆண்கள் ஓட்டும் சைக்கிளையே வாங்கினார்கள். முன் பாரில் குழந்தை, பின்னால் தண்ணீர்க் குடம்! பத்திரிகையாளர் பி.சாய்நாத் இதை எழுதப் போய், உலகம் பூராவும் புதுக்கோட்டையின் பெயர் பரவியது.

'அது சரி... சர்க்கரை வியாதி பற்றிச் சொல்ல வந்துவிட்டு எதற்கு இந்தக் கதை?' என்கிறீர்களா? சம்பந்தம் இருக்கிறது.

அன்று இருபத்தைந்து வயதில் சைக்கிள் கற்ற பெண், இன்று அறுபதை நெருங்கிவிட்டார். சைக்கிள் கொல்லையில் துருப்பிடித்துக் கிடக்கிறது. கடைக்குப் போக மகனின் பைக் இருக்கிறது. தண்ணீர் வீட்டுக் குழாயிலேயே வருகிறது. மாவரைக்க கிரைண்டர், துவைக்க மெஷின். உடம்பு நோக உழைத்தவருக்கு இந்த வசதி வந்ததில் நமக்கும் சந்தோஷம்தான். ஆனால் உழைப்பு குறைந்த அளவுக்குத் தட்டில் சோறு குறையவில்லையே!

ராத்திரி நாலு தடவை பாத்ரூம் போக எழுந்திருக்கிறார். பாதத்தில் ஊசி குத்துவது போல எரிச்சல். பட்ட காயம் ஆற மாட்டேன் என்கிறது. "வயசாச்சுல்ல... அப்படித்தான் இருக்கும்" என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொள்கிறார்.

வயசு காரணமில்லை. சர்க்கரை! உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு அம்மாவோ, அத்தையோ, மாமியாரோ இருக்கலாம். ஏன், அது நீங்களாகவே இருக்கலாம்.

ஏழு பேரில் ஒருவர்

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆதரவில் நாடு முழுக்க எடுத்த கணக்கு 2023-ல் வெளிவந்தது. இந்தியாவில் சுமார் 10 கோடி பேருக்கு நீரிழிவு. இன்னும் சுமார் 13 கோடியே 60 லட்சம் பேர் அதன் வாசற்படியில் நிற்கிறார்கள். தமிழ்நாட்டில் பெரியவர்களில் நூற்றுக்குப் பதினாலு பேருக்கு மேல் சர்க்கரை. அதாவது ஏழு பேரில் ஒருவர். பந்தியில் வரிசையாக உட்கார்ந்திருப்பவர்களை எண்ணிப் பாருங்கள், புரியும்.

'இது பணக்கார வியாதி, பட்டணத்து வியாதி' என்ற பேச்செல்லாம் பழங்கதை. கிராமத்திலும் தாராளமாக இருக்கிறது.

உடம்புக்குள் என்னதான் நடக்கிறது?

நாம் சாப்பிடும் சோறு, இட்லி, சப்பாத்தி எல்லாம் வயிற்றுக்குள் போய் குளுக்கோஸாக மாறி ரத்தத்தில் கலக்கிறது. அந்தக் குளுக்கோஸ் உடம்பின் செல்களுக்குள் போனால்தான் சக்தி. செல்லின் கதவைத் திறக்கும் சாவிதான், கணையம் சுரக்கும் இன்சுலின்.

வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு சேர்ந்து, உடலுழைப்பும் இல்லாமல் போனால், பூட்டு துருப்பிடித்த மாதிரி ஆகிவிடும். சாவியைப் போட்டாலும் கதவு லேசில் திறக்காது. கணையம் மேலும் மேலும் இன்சுலினைச் சுரந்து பார்த்து, ஒரு கட்டத்தில் களைத்துப்போகும். உள்ளே போக முடியாத சர்க்கரை ரத்தத்திலேயே தேங்கும். பெரியவர்களுக்கு வருவதில் பெரும்பாலானது இந்த ரகம்தான். இதை டைப்-2 என்கிறார்கள்.

தேங்கிய சர்க்கரை சும்மா இருக்காது. கண், சிறுநீரகம், இதயம், கால் நரம்பு என்று ஒவ்வொன்றாகக் கை வைக்கும். அதுவும் சத்தமில்லாமல்! வலி இருந்தால் டாக்டரிடம் ஓடுவோம். வலிக்காமலேயே கெடுப்பதுதான் இதன் சாமர்த்தியம்.

கால் மிதித்தால் கதவு திறக்கும்

இப்போது சைக்கிளுக்கு வருவோம். நம் உடம்பிலேயே பெரிய தசைகள் தொடையிலும் இடுப்பின் பின்புறமும் இருக்கின்றன. சைக்கிள் மிதிக்கும்போது இவை முழு வேகத்தில் வேலை செய்கின்றன. வேலை செய்யும் தசைக்கு ஒரு விசேஷம் உண்டு. இன்சுலினுக்காக அதிகம் காத்திருக்காமல், ரத்தத்திலிருந்து குளுக்கோஸைத் தானே இழுத்துக்கொள்ளும்! துருப்பிடித்த பூட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு கதவு திறந்த மாதிரி.

அதோடு, ஒரு தடவை உடற்பயிற்சி செய்தால் இன்சுலின் நன்றாக வேலை செய்யும் நிலை ஒரு நாள், இரண்டு நாள் வரை நீடிக்கும். அதனால்தான், "தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல் பயிற்சியை விடாதீர்கள்" என்று டாக்டர்கள் சொல்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் மூன்று மணி நேரம் நடந்துவிட்டு, மற்ற ஆறு நாளும் டி.வி. முன்னால் உட்கார்ந்தால் கணக்கு சரியாகாது.

இதற்கு ருசு வேண்டுமா? நம் சென்னையிலேயே இருக்கிறது. டாக்டர் ஏ.ராமச்சந்திரன் தலைமையில் நடந்த ஆய்வு 2006-ல் வெளியானது. சர்க்கரை வரும் நிலையில் இருந்த 531 பேரைப் பிரித்து மூன்று வருஷம் கவனித்தார்கள். வழக்கமான பொது அறிவுரை மட்டும் பெற்றவர்களில் 100-க்கு 55 பேருக்குச் சர்க்கரை வந்துவிட்டது. தினமும் அரை மணி வேக நடை, அளவான சாப்பாடு என்று தொடர்ந்து வழிநடத்தப்பட்டவர்களில் 39 பேருக்குத்தான் வந்தது. இத்தனைக்கும் அவர்கள் எடை ஒன்றும் பெரிதாகக் குறையவில்லை! மாத்திரை மட்டும் கொடுக்கப்பட்டவர்களுக்கும் ஏறக்குறைய இதே பலன்தான். அரை மணி நடை என்பது ஒரு மாத்திரைக்குச் சமமாக நின்றது என்றால் சும்மாவா?

எப்படி ஆரம்பிப்பது?

வாரத்துக்கு 150 நிமிடம். அதாவது ஐந்து நாள், தினம் அரை மணி. இதுதான் குறைந்தபட்சக் கணக்கு. ஒரே மூச்சில் முடியாதா? பத்துப் பத்து நிமிடமாக மூன்று தடவை செய்யுங்கள்.

வேகம் எப்படி இருக்க வேண்டும்? பேச முடிய வேண்டும், ஆனால் பாட முடியக்கூடாது. அந்த அளவு மூச்சு வாங்கினால் சரியான வேகம்.

பழைய சைக்கிள் இருந்தால் இன்றைக்கே கடையில் கொடுத்து டயர், பிரேக், செயினைப் பார்க்கச் சொல்லுங்கள். முதல் வாரம் வண்டி நெரிசல் இல்லாத தெருவில் பத்தே நிமிடம் ஓட்டுங்கள். சீட்டின் உயரத்தைக் கவனியுங்கள். பெடல் கீழே வரும்போது முழங்கால் லேசாக மடங்கி இருந்தால் போதும். உடம்பின் பாரத்தை சீட் தாங்கிக்கொள்வதால், மூட்டு வலிக்காரர்களுக்கும் சைக்கிள் நடையைவிடச் சுலபம். பேலன்ஸ் போய்விட்டது, பயமாக இருக்கிறது என்பவர்கள் வீட்டுக்குள் வைத்து மிதிக்கும் பயிற்சி சைக்கிள் வாங்கலாம். அதுவும் வேண்டாமா? புதுக்குளக் கரையிலோ, ராஜ வீதிகளைச் சுற்றியோ வீசி நடங்கள்.

கிராமத்து அம்மாக்கள், "நாங்க வீட்டு வேலை பார்க்கிறோமே, அது போதாதா?" என்பார்கள். நல்லதுதான். ஆனால் பாத்திரம் தேய்ப்பதிலும் காய் நறுக்குவதிலும் மூச்சு வாங்குவதில்லையே! அதனால் தனியாக அரை மணி வேண்டும்.

இன்னொரு சுலபமான வழி: சாப்பிட்டவுடன் படுக்காதீர்கள். பத்துப் பதினைந்து நிமிடம் மெதுவாக நடந்தாலே சாப்பாட்டுக்குப் பின் ஏறும் சர்க்கரை குறையும். வாரம் இரண்டு நாள், நாற்காலியில் உட்கார்ந்து எழுவதைப் பத்துத் தடவை, இரண்டு மூன்று சுற்றாகச் செய்யுங்கள். தொடைத் தசை பலப்படும்.

ஒரு எச்சரிக்கை! நெஞ்சு வலி உள்ளவர்கள், காலில் புண் உள்ளவர்கள், சர்க்கரையால் கண்ணில் ரத்தக் கசிவு என்று சொல்லப்பட்டவர்கள், டாக்டரைக் கேட்காமல் எதையும் ஆரம்பிக்கக் கூடாது.

தட்டில் என்ன?

சோற்றை அடியோடு விடச் சொல்லவில்லை. தட்டை மனசுக்குள் இரண்டாகப் பிரியுங்கள். ஒரு பாதி முழுக்கக் காய், கீரை. மறு பாதியில், ஒரு பங்கு பருப்பு, சுண்டல், முட்டை அல்லது மீன். மிச்சமிருக்கும் ஒரு பங்குதான் சோறு. உருளை, மரவள்ளி, சேனை எல்லாம் சோற்றின் கணக்கில்தான் சேரும், காயின் கணக்கில் இல்லை.

முதலில் காய், பருப்பைச் சாப்பிட்டுவிட்டுக் கடைசியில் சோற்றுக்கு வாருங்கள். அதே சாப்பாடுதான். வரிசையை மாற்றினாலே சர்க்கரை திடுதிப்பென்று ஏறாது.

புதுக்கோட்டைக்காரர்களுக்குச் சில சந்தேகங்கள் வரும். பார்ப்போமா?

'கேழ்வரகு, வரகு, சாமைதானே? இஷ்டம்போல சாப்பிடலாமே!' முடியாது. நார்ச்சத்து உண்டு, நல்லது. ஆனால் அவையும் மாவுச்சத்துதான். அளவு முக்கியம். கேழ்வரகைக் கூழாகக் கரைத்துக் குடித்தால் சர்க்கரை சீக்கிரம் ஏறும். வரகு, சாமையைச் சோறாக வடித்து, நிறையக் காய்கறியோடு சாப்பிடுவது மேல்.

'பலாப்பழம்?' ஆலங்குடி, வடகாடு பக்கம் பலா சீஸன் வந்துவிட்டால் ஊரே மணக்கும். நாக்கைக் கட்ட முடியாது. சர்க்கரை கட்டுக்குள் இருப்பவர்கள் இரண்டு சுளையோடு நிறுத்திக்கொள்ளலாம். அதுவும் சாப்பாட்டுக்கு மேல் அல்ல. அந்த வேளை சோற்றைக் குறைத்துவிட்டு! கொய்யா, பப்பாளித் துண்டு தைரியமாகச் சேர்க்கலாம். எந்தப் பழமானாலும் ஜூஸ் வேண்டாம்.

'வெல்லம், கருப்பட்டி, தேன்?' மூன்றும் சர்க்கரையின் சொந்தக்காரர்கள்தான். வெள்ளையாக இல்லை என்பதால் ஏமாந்துவிடாதீர்கள்.

'மீன்?' கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் கடலில் கிடைக்கும் மீன் இருக்கும்போது கவலை எதற்கு? குழம்பாக வையுங்கள். எண்ணெயில் முக்கிப் பொரித்தால் பலன் போச்சு.

'கடலை?' ஒரு கைப்பிடி, வேகவைத்தோ வறுத்தோ. கடலை மிட்டாய் வேறு கணக்கு!

'டீ?' இங்கேதான் ஆள் கவிழ்கிறார்கள். ஒரு நாளைக்கு ஐந்து டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன். மொத்தம் பத்து ஸ்பூன் சர்க்கரை! "நான் ஸ்வீட்டே தொடறதில்ல டாக்டர்" என்று சொல்லிக்கொண்டே உள்ளே போகிற சர்க்கரை இது. இன்று இரண்டு ஸ்பூன் என்றால் அடுத்த வாரம் ஒன்று, அதற்கடுத்த வாரம் அரை. ஒரே மாதத்தில் நாக்கு பழகிவிடும்.

கல்யாணப் பந்தியில் முட்டை மாஸ் வைத்தால் ஒரு வாய் ருசி பார்த்துவிட்டு, பக்கத்து இலைக் குழந்தைக்குத் தள்ளிவிடுங்கள். அதற்காகக் குற்றவாளி போல உட்கார வேண்டாம்.

கடைசியில் சாப்பிடும் அம்மா

இதை வீட்டு ஆண்களும் பிள்ளைகளும் கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டும்.

அப்பாவுக்குச் சர்க்கரை என்றால் வீட்டில் தனிச் சமையல் நடக்கும். மாத்திரையை நேரம் தவறாமல் எடுத்துக் கொடுப்பது யார்? அம்மா. அதே அம்மாவுக்குச் சர்க்கரை வந்தால்? எல்லோரும் சாப்பிட்டு முடித்த பிறகு, மத்தியானம் மூன்று மணிக்கு உட்காருகிறார். காய் தீர்ந்து போயிருக்கும். மிஞ்சிய சோறும் குழம்பும்தான். 'வீணாகப் போகுதே' என்று குழந்தை வைத்த மிச்சமும் அவர் வயிற்றுக்குள்தான் போகும். மாத்திரை காலையிலேயே போட்டாச்சு, சாப்பாடு மட்டும் மூன்று மணிக்கு!

சில மாத்திரைகளும் இன்சுலினும் எடுத்துக்கொள்பவர்கள் இப்படி நேரம் தள்ளினால் சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கிவிடலாம். வியர்க்கும், கை நடுங்கும், கண் இருட்டும், பேச்சு குழறும். உடனே மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். கால் மணி நேரத்தில் தெளியாவிட்டால் இன்னொரு தடவை. மயங்கிவிட்டவர் வாயில் எதையும் ஊற்றாமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்கள். வெள்ளிக்கிழமை விரதமோ ரம்ஜான் நோன்போ இருப்பவர்கள், முன்கூட்டியே டாக்டரிடம் கேட்டு மாத்திரையின் நேரத்தையும் அளவையும் மாற்றிக்கொள்ள வேண்டும்.

ஒரே ஒரு மாற்றம் போதும். அம்மாவையும் எல்லோருடனும் உட்கார வைத்துச் சாப்பிடச் சொல்லுங்கள். காய் முதலில் அவர் தட்டில் விழட்டும். அவருக்கென்று தனிச் சமையலும் வேண்டாம். மேலே சொன்ன சாப்பாடு குடும்பம் முழுக்கவே நல்லதுதான்.

முகத்தைப் பார்க்கிற மாதிரி காலையும் பாருங்க!

சர்க்கரையால் நரம்பு மரத்துப்போனால், முள் குத்தினாலும் தெரியாது. நம் மண்ணில் கருவேல முள்ளுக்கா பஞ்சம்? தெரியாமல் ஏறிய முள் புண்ணாகி, சீழ் பிடித்து, கடைசியில் விரலையோ காலையோ எடுக்கும் நிலைக்குப் போவது இப்படித்தான்.

தினமும் ராத்திரி படுக்கும் முன் இரண்டு பாதத்தையும், விரல் இடுக்கையும் பாருங்கள். குனிய முடியாவிட்டால் தரையில் கண்ணாடி வைத்துப் பாருங்கள். வீட்டுக்குள்ளும் செருப்பு போடுங்கள். பழனிக்குப் பாதயாத்திரை கிளம்புகிறவர்கள், வெறுங்காலோடு நடக்காமல் மெத்தென்ற செருப்பு போட்டுக்கொள்ளலாம். முருகன் கோபிக்க மாட்டான். சைக்கிள் மிதிக்கும்போதும் விரலை மூடும் ஷூ நல்லது. சின்னக் கொப்புளம்தானே என்று மஞ்சளைப் பூசிவிட்டுக் காத்திருக்காதீர்கள்.

வெற்றிலையோடு புகையிலை போடுகிற பழக்கம் இருந்தால், இன்றோடு அதற்கு ஒரு கும்பிடு. சர்க்கரையும் புகையிலையும் சேர்ந்தால் ரத்தக் குழாய்க்கு இரட்டை அடி.

மாத்திரையை நிறுத்தலாமா?

உங்கள் இஷ்டத்துக்கு நிறுத்தவே கூடாது. உணவும் உழைப்பும் மாத்திரைக்குத் துணை. ஆரம்ப வருஷங்களில் நன்றாக எடை குறைத்தவர்களில் சிலருக்கு மாத்திரை இல்லாமலே சர்க்கரை கட்டுக்குள் நிற்கிறது. ஆனால் அதை முடிவு செய்ய வேண்டியவர் டாக்டர், டெஸ்ட் ரிப்போர்ட்டைப் பார்த்து. 'ஒரே மாதத்தில் பூரண குணம்' என்ற நோட்டீஸை நம்பிப் பணத்தையும் சிறுநீரகத்தையும் இழந்துவிடாதீர்கள்.

டெஸ்டுக்குச் செலவாகுமே என்ற கவலையும் வேண்டாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகப் பார்க்கிறார்கள். 2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன.

வெட்டி எடுத்து ஃபிரிட்ஜில் ஒட்டுங்க!

● 30 வயது தாண்டியவர்கள் வருஷம் ஒரு முறை சர்க்கரை டெஸ்ட் எடுக்க வேண்டும். பெற்றோருக்குச் சர்க்கரை இருந்தாலோ, கர்ப்ப காலத்தில் சர்க்கரை வந்திருந்தாலோ இது கட்டாயம்.

● வெறும் வயிற்றில் 100-க்குக் கீழ் இருந்தால் சரி. 100 முதல் 125 வரை எச்சரிக்கை மணி. 126-ம் அதற்கு மேலும் சர்க்கரை வியாதி. இன்னொரு டெஸ்ட் எடுத்து உறுதி செய்ய வேண்டும்.

● மூன்று மாத சராசரியைச் சொல்லும் ஹெச்பிஏ1சி டெஸ்ட்டில், சர்க்கரை உள்ள பெரும்பாலானவர்களுக்கு இலக்கு 7-க்குக் கீழ். மிகவும் வயதானவர்களுக்கு டாக்டர் கொஞ்சம் தளர்த்துவார்.

● வருஷம் ஒரு முறை கண், சிறுநீரகம், பாதம். மூன்றையும் விடாதீர்கள்.

● ரத்த அழுத்தம் 130/80-க்குள் இருக்கட்டும்.

● வெளியே கிளம்பும்போது பையில் கொஞ்சம் சர்க்கரைப் பொட்டலம், அவசரத்துக்கு!

முப்பது வருஷத்துக்கு முன்னால், ஊர் என்ன சொல்லுமோ என்று பயந்துகொண்டேதான் அந்தப் பெண்கள் சைக்கிளில் ஏறினார்கள். விழுந்தார்கள், முட்டி சிராய்த்தது, மறுபடி ஏறினார்கள். அன்று யாருக்கும் பயப்படாத கால்கள், இன்று சர்க்கரைக்கா பயப்பட வேண்டும்?

கொல்லையில் கிடக்கும் சைக்கிளை வெளியே எடுங்கள். அம்மாவுக்குக் கூச்சமாக இருந்தால் முதல் நாள் நீங்களும் கூடப் போங்கள். மணி அடித்துக்கொண்டே ஒரு சுற்று!